ஐந்தரை மணிப் படகு

முதல் நாள், ஞாயிறு

ஒன்றரை நாள் வண்டியில் இருந்துவிட்டு இன்று மாலை மும்பை தாதரில் இறங்கினேன். சித்தி மகன் நடைமேடையிலேயே காத்திருந்தான். "அக்கா, ஊரிலிருந்து அரிசியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களா?" என்று கேட்டபடி பையை வாங்கினான். பையின் கனம் அவனுக்குப் பதில் சொல்லியிருக்கும். சம்பா அரிசி ஐந்து கிலோ, கொட்டை எடுத்த புளி, நேந்திரங்காய் வற்றல், கருப்பட்டி. மும்பையில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சித்திக்கு ஊர் அரிசிதான் வேண்டும்.

சித்திக்குக் கண்ணில் புரை எடுத்து இரண்டு வாரமாகிறது. பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன். மகரவிளக்கு முடிந்து ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஓய்ந்த பிறகு, கோடை விடுமுறை தொடங்கும் முன், எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு விடக் கிடைப்பது இந்தப் பிப்ரவரி மாதம் ஒன்றுதான்.

"எங்களைப் போன்றவர்கள்" என்றால் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் எங்களுக்குப் பதினான்கு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் இருக்கிறது. அப்பா எட்டு அறையோடு தொடங்கினார், நானும் என் கணவரும் ஆறு அறை சேர்த்தோம். எங்கள் ஊரில் சூரியன் கடலில் உதித்துக் கடலில் மறைகிறது. மாலையில் மறைவதைப் பார்க்க வருகிறவர், காலையில் உதிப்பதையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். அந்த ஓர் இரவை நம்பித்தான் எங்கள் லாட்ஜும், எதிரே இருக்கும் மெஸ்ஸும், சங்கு மாலை விற்பவர்களும், ஆட்டோக்காரர்களும், படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் குடும்பமும் வாழ்கிறோம். சிறு வயதில் அப்பா இதைச் சொல்லும்போது சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணக்குப் புத்தகம் என் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பேச்சின் எடை தெரிந்தது.

அந்தக் கண்ணோடுதான் இந்த ஐந்து நாளும் மும்பையைப் பார்க்கப்போகிறேன். பயணி கொண்டுவரும் பணம் யார் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

தாராவியில், தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சித்தி வீடு. சித்தப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. சந்தில் நுழைந்ததும் நான்கு வீட்டு வாசலிலிருந்து தமிழ் கேட்டது, எல்லாம் எங்கள் பக்கத்துத் தமிழ். சித்தி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அறுவை செய்த கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மக்களே, நீ இவ்வளவு நரைத்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது" என்றாள்.

இரண்டாம் நாள், திங்கள்

மூன்று மணிக்கே விழித்துக்கொண்டேன். விழிக்காமல் இருக்க முடியாது. சித்தி வீட்டுக் கீழ்த்தளத்தில் அந்த நேரத்தில்தான் இட்லிக் கொப்பரைகள் அடுப்பில் ஏறுகின்றன. கண்ணுக்கு மருந்து விட்டிருப்பதால் சித்தியை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அவளுடைய மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் வேலை செய்கிறார்கள். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணி விரித்த தட்டில் மாவு ஊற்றுகிறார்கள். வெந்ததும் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, துணியின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஓர் ஓரத்திலிருந்து உரித்தால் இட்லிகள் ஒன்றுகூட உடையாமல் கழன்று வருகின்றன. ஆவியில் எதிரே இருப்பவரின் முகம் தெரியவில்லை. நான்கு மணிக்கெல்லாம் விற்கப் போகிறவர்கள் வந்து அலுமினியப் பாத்திரங்களில் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். சிலர் சைக்கிளில் ரப்பர் ஊதலை அழுத்திக்கொண்டு போனார்கள். ஒருவர் மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்தார். முதல் லோக்கல் ரயிலைப் பிடித்துச் சர்ச்கேட்டில் இறங்கி, அங்கிருந்து தென் மும்பைத் தெருக்களில் விற்பாராம்.

எட்டரை மணிக்குத் தம்பியோடு கடலோரத்தில் நிற்கும் 'கேட்வே ஆஃப் இந்தியா' என்ற நினைவு வாயிலுக்குப் போனபோது அதே மனிதரை மறுபடியும் பார்த்தேன். சுற்றுச்சுவர் ஓரமாகப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டாக்ஸி ஓட்டுநர்களும், கழுத்தில் கேமரா தொங்கவிட்ட புகைப்படக்காரர்களும். சித்தி வீட்டு அடுப்பில் வெந்த இட்லி, பயணிகளைப் படமெடுத்துப் பிழைப்பவர்களின் காலைச் சாப்பாடாகியிருந்தது.

அந்தப் புகைப்படக்காரர்களில் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். தம்பி இந்தியில் கேட்டுச் சொன்னான். முதுகுப் பையிலேயே சிறிய அச்சு இயந்திரம் வைத்திருக்கிறார். படமெடுத்த ஒரு நிமிடத்தில் காகிதம் கைக்கு வந்துவிடுகிறது. வருகிற எல்லோரிடமும் கைபேசி இருக்கும்போது யார் இவரிடம் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். குடும்பமாக வருகிறவர்கள், அதிலும் ஊரில் பாட்டி இருக்கும் குடும்பங்கள் என்றார். கைபேசியில் இருப்பதைப் பாட்டியால் சுவரில் மாட்ட முடியாது. நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். பின்னால் கேட்வே, பக்கத்தில் தம்பி, தலைக்கு மேல் ஒரு புறா. நான் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு அச்சுக் காகிதம் விற்பவருக்குப் போகும், ஒரு பங்கு நாளை காலை நான்கு இட்லியாகும், அந்த இட்லிப் பணம் தாராவியில் உளுந்து விற்கும் மளிகைக் கடைக்குப் போகும். பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பெருக்கி விளைவு என்கிறார்கள். முதலில் வந்த ஒரு ரூபாய், ஊருக்குள்ளேயே கைமாறும்வரை மேலும் மேலும் வருமானமாகிக்கொண்டிருக்கும். ஊரைவிட்டு வெளியே போனதும் அது நின்றுவிடும்.

வெளியே போவது என்றதும் எங்கள் லாட்ஜின் பின்முற்றம் நினைவுக்கு வருகிறது. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வரும் சுற்றுலா பஸ்களில் சமையல்காரர், எரிவாயு உருளை, கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் கூடவே வரும். எங்கள் முற்றத்தில் அடுப்பு மூட்டி ஐம்பது பேருக்குச் சமைத்து முடித்து, பாத்திரம் கழுவிக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் அவர்கள் வாங்குவது பாலும் தக்காளியும் மட்டுமே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் ஆட்களும் காசிக்கும் ஷீரடிக்கும் சமையல்காரரோடுதான் போகிறார்கள். ஐந்து கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு நானே வந்திருக்கிறேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் உணவு வேண்டும் என்ற பயம் உண்மையானது. ஆனால் எதிர் மெஸ் அம்மா அந்த ஐம்பது பேரையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதும் உண்மைதான்.

இங்கிருந்து படகில் போய்ப் பார்க்க வேண்டிய தீவுக் குகைக் கோயில்களான எலிபெண்டா குகைகளுக்கு இன்று விடுமுறை. திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை. அது தெரிந்தேதான் வந்தோம், கரையை மட்டும் பார்க்க வேண்டும் என்று. அப்படியும் படகுத்துறையில் எத்தனையோ குடும்பங்கள் வந்து விசாரித்து ஏமாந்து நின்றன. இந்தத் திங்கட்கிழமை ஏமாற்றம் எங்கள் மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை வாசலிலும் நடக்கும். லாட்ஜில் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

கேட்வேயைச் சுற்றி ஒரு சுற்று வந்தோம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பத் தொடங்கி, 1924இல் கட்டி முடித்திருக்கிறார்கள். 1948 பிப்ரவரியில் கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு கப்பலேறியதும் இந்த வாசல் வழியாகத்தான். இன்றைக்கு அதன் நிழலில் பஞ்சுமிட்டாய் விற்கிறார்கள். பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

மூன்றாம் நாள், செவ்வாய்

எலிபெண்டாவுக்கு ஒன்பது மணிப் படகு. போகவர இருநூற்றுச் சொச்சம், மேல்தளத்தில் உட்கார வேண்டுமானால் தனியாகக் கொஞ்சம் பணம். எல்லோருக்கும் உயிர்காப்பு உடை கொடுத்தார்கள். 2024 டிசம்பர் 18 அன்று கடற்படையின் விரைவுப் படகு மோதி, இதே தடத்தில் போன பயணிகள் படகு கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் அந்த உடையை எவ்வளவோ பேர் போட்டுக்கொள்ள முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்று யாரும் சுளிக்கவில்லை. ஒரு படகு கவிழ்ந்தால் அந்தத் துயரத்தோடு எத்தனை நாள் கரை முழுவதும் வெறிச்சோடிக் கிடக்கும் என்பது, 2004 சுனாமியைப் பார்த்த ஊர்க்காரிக்குத் தெரியும்.

ஒரு மணி நேரப் பயணம். கடற்காகங்கள் படகோடு கூடவே பறந்து வந்தன. தீவின் உண்மையான பெயர் காராபுரி. யானைச் சிலை ஒன்று அங்கே நின்றதைப் பார்த்துப் போர்ச்சுகீசியர் எலிபெண்டா என்று பெயரிட்டார்கள். அந்த யானை இப்போது பைகுல்லாவில் ஜீஜாமாதா பூங்கா அருகே நிற்கிறது. எல்லோரும் மும்பையில் படகேறிப் போவதால் தீவும் மும்பையைச் சேர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அது ராய்கட் மாவட்டம், உரண் தாலுகா. புறப்படும் கரையில் இருக்கும் ஓட்டல்களும் டாக்ஸிகளும் ஒரு மாவட்டத்தில், பார்க்கப் போகும் இடமும் அங்கே வாழும் ஜனங்களும் இன்னொரு மாவட்டத்தில்.

துறையில் இறங்கினால் சின்ன ரயில் நிற்கிறது. நடந்தும் போகலாம், நாங்கள் நடந்தோம். பிறகு நூற்றிருபது படிகள். படிகளின் இருபுறமும் நீலத் தார்ப்பாய் கட்டிய கடைகள்: கல் மாலை, தொப்பி, சிறிய யானைகள், கைப்பை. முடியாதவர்களை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிப் போகிறார்கள். ஒரு குரங்கு தம்பியின் கையிலிருந்த சோளத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டது.

பணம் கைமாறும் இடங்களை எண்ணிக்கொண்டே ஏறினேன். படகுக் கட்டணம் படகுக்காரர்களுக்கு. தீவில் கால் வைத்ததும் வாங்கும் சிறு தொகை கிராமப் பஞ்சாயத்துக்கு. குகை வாசலில் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அந்த டிக்கெட் பணம் இந்தியத் தொல்லியல் துறை வழியாக மத்திய அரசுக்குப் போகிறது. மாநில அரசுக்கும் அதில் நேர்ப் பங்கில்லை, தீவுக்கும் இல்லை. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், நிர்வகிப்பதும் டிக்கெட் கொடுப்பதும் கேரளத் தொல்லியல் துறை. தமிழ்நாட்டுக்கு அரண்மனையால் கிடைப்பது வாசலுக்கு வெளியே நடக்கும் வியாபாரம்தான். அதனால் டிக்கெட் வசூலை வைத்து ஒரு நினைவுச்சின்னத்தால் மாநிலத்துக்கு வரும் வருமானத்தை அளப்பவர்கள் தவறான இடத்தில் அளக்கிறார்கள்.

குகைக்குள் நுழைந்ததும் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று.

வெளியே நல்ல வெயில். உள்ளே தூண்களுக்கு நடுவே நடக்க நடக்க வெளிச்சம் குறைந்துகொண்டே போய், கோடியில் இருக்கும் சுவரில் அந்த மூன்று முகம். ஏறத்தாழ 20 அடி உயரம், மார்புக்கு மேல் மட்டும். திரிமூர்த்தி என்று எல்லோரும் சொன்னாலும் அது சதாசிவம். நமக்கு இடப்பக்கம் இருப்பது கோபமுகம், மீசையும் புடைத்த புருவமுமாக, கையில் பாம்பு. வலப்பக்கம் பெண்மை கொண்ட முகம், கையில் தாமரை. நடுமுகத்தின் கண்கள் மூடியிருக்கின்றன. கீழுதடு தடித்து, இப்போதுதான் எதையோ சொல்லி முடித்தது போல இருக்கிறது. சுசீந்திரம் கோயிலிலேயே வளர்ந்தவள் நான், கல்லில் செய்த சாமி எனக்குப் புதிதில்லை. ஆனால் பாறையிலிருந்து வெட்டி எடுக்காமல் பாறைக்குள்ளேயே விட்டுவைத்த சாமியை இன்றுதான் பார்த்தேன். எந்த விளக்கும் இல்லை, மணி இல்லை. ஒரு மராட்டியக் கிழவி செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் நெற்றி பட வணங்கினாள். எனக்கும் அப்படியே செய்யத் தோன்றியது, செய்தேன். 1987இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

மதியம் படிகளுக்குக் கீழே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நடத்துபவள் தீவுக்காரப் பெண், என் வயதிருக்கும். பொம்பில் மீன் வறுவல், அரிசி ரொட்டி, கோகம் என்ற புளிப்புப் பழம் போட்ட ரசம் மாதிரி ஒன்று. கூட்டம் குறைந்ததும் எங்களோடு வந்து உட்கார்ந்தாள். நானும் லாட்ஜ் வைத்திருக்கிறேன் என்று தம்பி சொன்னதும் அவள் பேச்சே மாறிவிட்டது. தொழில்காரர்கள் பேசிக்கொள்வது போலப் பேசினாள்.

"மேலே கடைகளில் தொங்குவதெல்லாம் மும்பை மொத்தக்கடையில் வாங்கி வந்தவை" என்றாள். "இந்தத் தீவுடையது என்று சொன்னால், என் கடை மீனும் அதோ அந்த அம்மா விற்கும் புளியும்தான்."

எங்கள் ஊர்ச் சங்குக் கடைகளை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் பாதிக்கு மேல் வெளியூர்ச் சரக்குதான்.

கடலுக்கடியில் கம்பி போட்டு 2018இல்தான் தீவுக்கு முழுநேர மின்சாரம் வந்திருக்கிறது. மும்பையின் விளக்குகளை ஒவ்வொரு இரவும் கண்ணால் பார்த்துக்கொண்டு, அதுவரை சில மணி நேர ஜெனரேட்டர் வெளிச்சத்தில் இருந்திருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் அவள் முதலில் வாங்கியது குளிர்பெட்டி. மீன் மிஞ்சினால் இப்போது வீணாவதில்லை. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலும் விற்கிறாள்.

எத்தனை மணிக்குக் கடை மூடுவாள் என்று கேட்டேன்.

"கடைசிப் படகு ஐந்தரைக்கு. ஐந்து மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவேன். அதற்கப்புறம் யாருக்குச் சமைப்பது? பயணிகள் இரவில் இங்கே தங்கக் கூடாது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சில் தைத்தது. உலகமே வந்து பார்க்கும் இடம், ஆனால் இரவு கிடையாது. இரவு இல்லையென்றால் இரவுச் சாப்பாடு இல்லை, காலைக் காப்பி இல்லை, அறை இல்லை, துவைக்கத் துணி இல்லை. வருகிறவர்கள் மதியம் ஒருவேளை சாப்பிட்டு, ஒரு மாலை வாங்கிக்கொண்டு, கரைக்குத் திரும்பி, மீதிப் பணத்தையெல்லாம் கேட்வே இருக்கும் கொலாபாவில் செலவழிக்கிறார்கள்.

தீவில் லாட்ஜ் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். லாட்ஜ்காரியாக இருந்துகொண்டே சொல்கிறேன், அந்தக் குகைக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் இரவு இரைச்சலும் வரவே கூடாது. அதற்காகத் தங்கும் வருமானத்தை அந்த ஜனங்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். நாட்டின் சொத்தைக் காப்பதற்காக அவர்கள் தரும் விலை அது. அப்படியானால் அந்த 40 ரூபாயிலும் 600 ரூபாயிலும் ஒரு பங்கு தீவுக்கென்று திரும்பி வருவதுதான் நியாயம். நூற்றிருபது படியில் நாற்காலி தூக்குகிறவர் முதுகு வலியோடு வீட்டுக்குப் போகிறார், அவர் பஞ்சாயத்து கையேந்தி நிற்கக் கூடாது.

நாங்கள் ஐந்தரை மணிப் படகில்தான் திரும்பினோம். அவளும் இரண்டு பெண்களும் காலிக் கூடைகளோடு துறையில் நின்றிருந்தார்கள். படகு விலகியதும் துறை முழுக்க அவர்களுடையதாகிவிட்டது.

நான்காம் நாள், புதன்

தம்பி சுற்றுலாக் கார் ஓட்டுகிறான். இன்று சவாரி இல்லாததால் என்னையே ஏற்றிக்கொண்டான். சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையம், மெரைன் டிரைவ் ஓரத்து ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்கள் எல்லாவற்றையும் காரில் இருந்தே பார்த்தேன். நன்றாக இருந்தன, அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நான் எழுத நினைப்பது பரேலைப் பற்றி.

பரேலில் இருக்கும் பெரிய புற்றுநோய் மருத்துவமனையின் தெருவில் கார் மெதுவாகத்தான் போக முடிந்தது. நடைபாதையில் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள். கோப்புப் பைகள், பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. தலைமுடி கொட்டிய ஒரு சிறுவன் தாயின் மடியில் படுத்துக்கொண்டு கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். வசதி இருப்பவர்கள் அக்கம்பக்கத்து லாட்ஜ்களில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். தம்பிக்குத் தெரிந்த ஒரு லாட்ஜ் மேலாளரிடம் என்னை அழைத்துப் போனான். தமிழர், மும்பையில் தமிழர்கள் அதிகம் வாழும் மாட்டுங்காவில் பிறந்தவர். தன்னுடைய இருபது அறைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது நோயாளிகளின் குடும்பங்கள்தான் என்றார். வாடகை உயர்த்த மனம் வரவில்லை என்றார். மாடியில் ஒரு பொதுச் சமையலறை கட்டிக்கொடுத்திருக்கிறார். சமையல்காரரோடு வரும் பஸ்களைப் பற்றி முந்தாநாள் நான் எழுதியது நினைவுக்கு வந்தது. இங்கே அடுப்பு கொடுப்பதுதான் உபசாரம்.

உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரையறைப்படி இவர்களும் சுற்றுலாப் பயணிகள்தான். தன் வழக்கமான இடத்தைவிட்டு, ஓராண்டுக்குக் குறைவாக, சம்பள வேலைக்கென்று இல்லாமல் வேறு எதற்காகப் போனாலும் அது சுற்றுலாக் கணக்கில் சேரும்: மருத்துவம், யாத்திரை, கல்யாணம், உறவினரைப் பார்ப்பது. சித்தியின் கண்ணைப் பார்க்க வந்த நானும் அதில் வருகிறேன். அறை வாடகை கொடுக்காத பயணி.

மேலாளர் ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். 7,500 ரூபாய்க்குள் வாடகை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. 1,200 ரூபாய் அறைக்கு 60 ரூபாய் வரி, அதில் 30 மாநிலத்துக்கு, 30 மத்திய அரசுக்கு. தங்குகிறவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் அறை இருக்கும் மாநிலத்துக்குத்தான் அந்த 30 போகும். வரி குறைந்தது தங்குகிறவருக்கு நல்லது. ஆனால் 5 விழுக்காட்டு அறையில் நாங்கள் வாங்கும் பெயின்ட், சோப்பு, விரிப்பு ஆகியவற்றுக்குக் கட்டிய வரியை, நாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டோம்.

மாநிலத்துக்கு நேராகப் போகும் 30 ரூபாயைப் பார்த்தால் சுற்றுலா சின்ன வருமானமாகத் தெரியும். என்னுடைய லாட்ஜ் கணக்கை நான் அவரிடம் சொன்னேன். அறை வாடகை நூறு ரூபாய் என்றால் ஏறத்தாழ முப்பது ரூபாய் சம்பளமாகிறது, பத்துக்கு மேல் மின்சாரமும் தண்ணீரும், ஏழெட்டு ரூபாய் சலவைக்கு. இணையம் வழியாக வரும் முன்பதிவு என்றால் பதினைந்து இருபது ரூபாய் கமிஷனாக வெளியூருக்குப் போய்விடுகிறது. நேரடியாகத் தொலைபேசியில் கேட்டு வருகிறவரின் பணம் முழுவதும் ஊரில் நிற்கிறது. "இங்கேயும் அதே கணக்குதான் அம்மா" என்றார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பியின் மகள் தன் கல்லூரிப் பாடத்துக்காக எடுத்து வைத்திருந்த சுற்றுலாப் புள்ளிவிவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2023இல் வெளிநாட்டவர் வருகையில் மகாராஷ்டிரம்தான் நாட்டிலேயே முதலிடம். மும்பை விமான நிலையம் இருக்கும்போது அது நடக்கக்கூடியதுதான். அதே ஆண்டில் உள்நாட்டு வருகைகள் நாடு முழுவதும் சேர்த்து 250 கோடி. "நாட்டின் ஜனத்தொகையே அவ்வளவு இல்லையே அத்தை" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. எண்ணுவது ஆட்களை இல்லை, வருகைகளை. ஒரே குடும்பம் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி போனால் மூன்று இடத்திலும் ஒவ்வொரு தலையையும் எண்ணுவார்கள். எங்கள் ஊரில் நாலு மணிக்கு வந்து ஆறரைக்குப் போகிறவரும் ஒரு வருகை, இரண்டு இரவு தங்குகிறவரும் ஒரு வருகை. முதலாமவர் தேநீரும் படகு டிக்கெட்டும் வாங்குகிறார். இரண்டாமவரால் ஏழெட்டுப் பேர் கூலி பெறுகிறார்கள். தலைக்கணக்கில் இருவரும் சமம். எந்த மாநிலம் முதலிடம் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனப்பது இதனால்தான். ராத்திரிகளை எண்ணச் சொல்லுங்கள், அப்போது எந்த ஊர் வாழ்கிறது, எந்த ஊரில் குப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது தெரியும்.

தேசியக் கணக்கில் சுற்றுலா என்று ஒரு தொழிலே தனியாகக் கிடையாது. ஓட்டல், போக்குவரத்து, வணிகம் என்று பல துறைகளில் அது சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடிச் சேர்த்துத் துணைக் கணக்கு என்று ஒன்று போடுகிறார்கள். அதன்படி கொரோனாவுக்கு முன் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுற்றுலாவின் பங்கு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல், நேராக வருவதும் மறைமுகமாக வருவதும் ஏறத்தாழப் பாதிப்பாதி. 2020-21இல் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. அந்த எண்ணைப் படித்ததும் எங்கள் வரவேற்பறைச் சாவிப் பலகை கண்முன் வந்தது. பதினான்கு ஆணி, பதினான்கு சாவி, மாதக்கணக்கில் எல்லாம் ஆணியிலேயே. ஈரக்காற்றில் சாவிகள் துருப்பிடித்துவிடும் என்று வாரம் ஒருமுறை என் கணவர் எண்ணெய் தடவி மாட்டுவார். சலவைக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்த் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்தது. அவர்கள் திரும்பி வரவில்லை.

மகாராஷ்டிர அரசின் 2024ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கை, பத்தாண்டில் 1 லட்சம் கோடி ரூபாய் முதலீடும் 18 லட்சம் வேலைகளும் என்கிறது. நடக்கட்டும், நான் மனமார வேண்டுகிறேன். அந்த வேலைகளில் எத்தனை, கடைசிப் படகு போன பிறகும் கையில் பணம் நிற்கும் வேலையாக இருக்கும் என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், வியாழன்

காலையில் மாட்டுங்கா பூக்கடைத் தெரு. சித்திக்குக் கதம்பம், எனக்கு மல்லிகை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய சிற்றுண்டிச் சாலையில் ரச வடையும் காப்பியும். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள், படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். தமிழர்களின் அன்றாடச் சாப்பாடு இன்று பயணிகள் தேடி வரும் சாப்பாடாகிவிட்டதில் எனக்குப் பெருமைதான்.

சித்தி வாசல்வரை வந்தாள். கையில் இட்லிப் பொட்டலம். "வண்டியில் வாங்கித் தின்னாதே, வயிற்றுக்கு ஆகாது" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

வண்டி கல்யாணைத் தாண்டும்போது லாட்ஜிலிருந்து மேலாளர் அண்ணன் அழைத்தார். கோலாப்பூரிலிருந்து ஒரு பஸ், நாற்பத்திரண்டு பேர், ஞாயிறு மாலை வருகிறார்கள். பன்னிரண்டு அறை, ஓர் இரவு. சமையல்காரர் கூடவே வருகிறார், பின்முற்றம் கிடைக்குமா என்று கேட்கிறார்களாம்.

"முற்றத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றேன். "அரிசியும் காய்கறியும் மீனும் நம் சந்தையில் வாங்கட்டும், நானே கூட வந்து வாங்கித் தருகிறேன். இரண்டாம் நாள் காலைச் சிற்றுண்டி எதிர் மெஸ்ஸில். இன்னோர் இரவு தங்கினால் அந்த இரவுக்குப் பாதி வாடகை."

"இரண்டாம் நாள் என்ன பார்ப்பார்கள் அம்மா? திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்குமே."

"காலையில் வட்டக்கோட்டை. பிறகு மாத்தூர் தொட்டிப் பாலம். மாலையில் முட்டம் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு நேராக லாட்ஜுக்கு வரட்டும்."

எழுதிக்கொண்டு, கேட்டுவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார். பொட்டலத்தைப் பிரித்தேன். வாழையிலையில் ஆறு இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது.